ஒட்டகத்தின் பின்னால் ஓடியவர்

சாக்ஸ் போட ஒருவர் கட்டிலைத் தேடி உட்கார ஆரம்பித்துவிட்டால் அவர் இடுப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்று டேப் அக்கா தன் வகுப்பில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். காரணம் எளிது. நின்றபடி சாக்ஸ் போடும்போது ஒற்றைக் காலில் நிற்கிறோம். உடம்பின் மொத்தப் பாரமும் ஒரு பக்க இடுப்பில் இறங்குகிறது. அந்தப் பக்கம் வலித்தால், மனம் அறிவதற்கு முன்பே உடம்பு உட்கார இடம் பார்த்துவிடும். இதை மற்றவர்களுக்குப் படம் போட்டு விளக்குகிறவளுக்கு, தன் வீட்டுக் கட்டிலில் அதே காட்சி தினமும் நடப்பது கண்ணில் பட ரொம்ப நாளாயிற்று. களைப்பு அப்படி.

அவள் படைமுகாமின் உடல்நல மையத்தில் பயிற்சியாளர். முகாமுக்குள் வேலை பார்த்தாலும் சீருடை இல்லாதவள். கழுத்தில் எப்போதும் ஓர் அளவு டேப் தொங்கும், அதனால்தான் அந்தப் பெயர். மையம் என்று பலகையில்தான் இருக்கிறது. பழைய சாமான் கொட்டகையைக் காலி செய்து, தரையில் பாய் விரித்து, விளிம்பு உடைந்த கண்ணாடி ஒன்றை மாட்டிய இடம் அது. காலையில் சிப்பாய்களின் மனைவிமார் வருவார்கள். மதியம் கால் கை அடிபட்டுத் திரும்ப ஓடப் பழகுகிறவர்கள். சாயங்காலம், தொலைதூரக் காவல் பணியிலிருந்து திரும்பி வந்து தூக்கம் பிடிக்காதவர்கள். அவர்களை மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சை எண்ணவைத்து, தோள், கை, வயிறு என்று ஒவ்வொன்றாகத் தளரவிடச் சொல்வாள். கொட்டகை முழுக்கக் குறட்டை எழும்பும். அத்தனை பேரையும் தூங்கவைத்துவிட்டு அவள் மட்டும் சுவரில் சாய்ந்து, இரவுச் சமையலுக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

அவள் கணவர் அதே முகாமில் கம்பளி, காலணிக் கிடங்கின் பொறுப்பாளர். உயரம் குறைவு. படையில் சேர்ந்த அன்றே அவருக்கு அரைப்படி என்று பெயர் விழுந்துவிட்டது. பெயர் வைத்தவர், அன்றைக்கே அவரோடு சேர்ந்த இன்னொருவர். அவருக்கு அரைப்படி திருப்பி வைத்த பெயர் ஒட்டகம். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், கால்களே பாதி உடம்பு. இப்போது அவர் உடற்பயிற்சி சார்ஜென்ட். இருவரும் இத்தனை வருடமாக ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளாமல் ஒரு நாளையும் முடித்ததில்லை.

கவலை இதுதான். ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டத் தேர்வில் அரைப்படி இந்த முறை தவறிவிட்டார். கோடு கண்ணுக்குத் தெரிகிறது, அதற்குள் நேரம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள். மறுதேர்வு ஒன்று உண்டு. அதிலும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடு என்றால் இந்த வீடு இல்லை. இது குடியிருப்பு வீடு, வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. மகள் மட்டும் ஒருநாள், "அப்பா, நீங்க ஓடுறதுக்கு நான் பரீட்சை எழுதுறேன், எனக்குப் பதிலா நீங்க கணக்கு எழுதுங்க" என்றாள். அரைப்படி சிரித்தார். பிறகு போய்க் காலணியை மாட்டிக்கொண்டார்.

ஒட்டகம் நண்பனைக் கைவிடவில்லை. "உன்னை நான் இழுத்துட்டுப் போறேன்டா. என் முதுகையே பாத்துட்டு வா, போதும்" என்று சொல்லி, விடிவதற்கு முன்பே மைதானத்துக்குக் கூட்டிப்போவார். முன்னால் ஒட்டகம், பின்னால் அரைப்படி. இரண்டு பேர் காலும் ஒரே சமயத்தில் தரையைத் தொடும் சத்தம் குடியிருப்பு வரை கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் டேப் அக்கா எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள்.

அந்தச் சத்தத்துக்கு முன்பே விழித்து, கணவர் சாக்ஸ் போடக் கட்டிலில் உட்காருவதைக் கவனித்த காலையில் அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. வகுப்புக்கு வேண்டிய பிளாஸ்டிக் அடையாளக் கூம்புகளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். ஓடி முடித்து இருவரும் குழாயடிக்குப் போயிருந்தார்கள். புழுதி அடங்க முந்தின சாயங்காலம் ஓடுபாதையில் தண்ணீர் தெளித்திருந்ததால் மண் பதமாக இருந்தது. அதில் கால்தடங்கள் மாவில் அச்சு குத்தியது போலப் பதிந்திருந்தன. பெரிய தடம் ஒன்று, அதையொட்டிச் சின்னத் தடம் ஒன்று. அடுத்த பெரிய தடம், அதையொட்டி அடுத்த சின்னது. பாதை வளையும் இடம்வரை ஜோடி பிரியவே இல்லை.

அவள் கூம்புகளைக் கீழே வைத்தாள். கழுத்திலிருந்த டேப்பை உருவி, ஒரு பெரிய தடத்துக்கும் அடுத்த பெரிய தடத்துக்கும் நடுவே பிடித்துப் பார்த்தாள். பிறகு சின்னத் தடங்களுக்கு நடுவே. டேப்பில் பிடித்த விரலை நகர்த்த வேண்டியிருக்கவில்லை. ஒட்டகத்தின் கால் அவள் கணவரின் காலைவிட ஒரு சாண் நீளம். அடி மட்டும் ஒரே நீளம். இன்னொன்றும் தெரிந்தது. பெரிய தடம் சமமாகப் பதிந்திருந்தது. சின்னத் தடத்தில் குதிகால் விழுந்த இடம் மட்டும் குழியாக இருந்தது, யாரோ மண்ணைத் தோண்டப் பார்த்தது மாதிரி.

அன்று சாயங்காலம் ஒட்டகம் வழக்கம்போலத் தேநீருக்கு வந்தார். டேப் அக்கா மூன்று கோப்பைகளை வைத்துவிட்டு, கணவரைப் பார்த்து, "உங்க கிடங்குச் சாவியைக் கொடுங்க" என்றாள்.

"எதுக்கு? கம்பளி வேணுமா?"

"கொடுங்களேன்."

கனமான சாவிக்கொத்து. அதை அவள் டேப்பின் நுனியில் கட்டினாள். நாற்காலியில் ஏறி நின்று, டேப்பை நீளமாக விட்டு ஆட்டினாள். சாவிக்கொத்து சோம்பலாக இந்தப் பக்கம் போய், யோசித்து, அந்தப் பக்கம் வந்தது. பிறகு டேப்பைச் சுருட்டிப் பாதி நீளத்தில் பிடித்தாள். இப்போது அது சுறுசுறுப்பாக, குட்டையாக ஆடியது.

"அக்கம்பக்கத்துல பாத்தா மந்திரம் போடுறேன்னு நினைப்பாங்க" என்றார் அரைப்படி.

"காலும் இதுதாங்க. இடுப்புல தொங்குது. நீளமான கால் மெதுவா, அகலமா வீசும். குட்டைக் கால் வேகமா, குறுக்கி வீசும். அதுஅதுக்கு ஒரு கணக்கு. இப்ப இந்தக் குட்டைக் கயித்தை அந்த நீளக் கயித்தோட சேர்ந்து ஆடுன்னு சொன்னா என்ன ஆகும்? நான் கையால வலிச்சு வலிச்சு இழுக்கணும். நீங்க தினம் அதைத்தான் செய்யிறீங்க."

அவள் இறங்கி, கால்தடங்களைப் பற்றிச் சொன்னாள். எட்டாத தூரத்துக்குக் காலை எறியும்போது குதிகால் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழுகிறது. ஓடுகிற உடம்புக்கு அது ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்ன பிரேக். அந்த அதிர்ச்சி கீழே தங்குவதில்லை, தொடை வழியாக ஏறி இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் போய் முட்டுகிறது. எலும்பு ஒன்றும் கல் அல்ல. ஓடும்போது அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும்; ஓய்வெடுக்கும்போது உடம்பு கொத்தனாரைப்போல வந்து பூசிவிட்டுப் போகும், முன்னைவிடக் கெட்டியாகவே பூசும். பூச்சு காய்வதற்குள் மறுபடி போய் இடித்தால் கீறல் விரிசலாகும்.

ஒட்டகம் கோப்பையைக் கீழே வைத்தார். "தங்கச்சி, நீ சொல்றதெல்லாம் சரி. ஆனா இவன் என்கூட ஓடுறது நேத்து இன்னைக்கா? சேந்த நாள்லேர்ந்து இப்படித்தான். எல்லாரும் இப்படித்தான். உயரமானவன் முன்னாடி, மத்தவன் பின்னாடி, ஒரே அடி. அடி தப்பினா அன்னிக்குச் சாப்பாடு கிடையாது எங்களுக்கு."

"நடக்கும்போது சரிண்ணே. வரிசை கலையாம இருக்கணும். ஓடும்போது எதுக்கு?"

அரைப்படிதான் சொன்னார், தரையைப் பார்த்தபடி: "அந்தச் சத்தம் ஒண்ணா விழுந்தாதான் எனக்கு மூச்சே சீரா வரும். தனியா ஓடினா யாரோ திட்டப் போறாங்கன்னே இருக்கும்."

"சரி. எழுந்திரிங்க. வலது கால்ல நில்லுங்க."

"எதுக்கு?"

"நின்னு, ஒரு குதி குதிங்க. ஒண்ணே ஒண்ணு."

அவர் எழுந்தார். வலது காலில் நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. குதிக்கவில்லை. உள்ளறையில் மகள் பாடம் படிக்கும் சத்தம் நின்றுபோனது.

"தொடை இடுக்குலயா?" என்று கேட்டாள்.

"லேசாத்தான். பொறுத்துக்கலாம். தேர்வு முடியட்டும்."

முகாமில் ஒரு விதி இருந்தது. தேர்வோ மறுதேர்வோ, அதற்கு முன்பே மருத்துவரிடம் போய்க் காயத்தைப் பதிவு செய்தவருக்கு, குணமான பிறகு புதிய தேதி தருவார்கள். அதில் விழுந்த பிறகு போனால் தரமாட்டார்கள். நல்ல விதிதான். ஆனால் முன்கூட்டிப் போகிறவனுக்குத் தேர்வுக் காய்ச்சல் என்று மொத்தப் படையும் கேலி செய்யும். கிடங்குக்குக் கம்பளி வாங்க வருகிறவன்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவான். அரைப்படியே அப்படி எத்தனையோ நெற்றிகளைத் தொட்டுப் பார்த்தவர்தான்.

"பயிற்சியாளரா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா நான் மருத்துவர்கிட்ட சொல்லியாகணும்" என்றாள் அவள். "அதுதான் என் வேலை. அதனால இப்ப வீட்டுக்காரியா கேக்கறேன். நீங்களே போயிடுங்க."

அவர் மூன்று கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு கழுவப் போனார். ஒட்டகம் எழுந்து, வாசலில் காலணியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடியலில் சத்தம் கேட்கவில்லை. டேப் அக்கா திடுக்கிட்டு எழுந்து பார்த்தாள். ஓடும் காலணி வாசலிலேயே இருந்தது. செருப்பைக் காணோம்.

மருத்துவர் ஒரு பெண் மேஜர். சிப்பாய்கள் அவரை மேஜரம்மா என்பார்கள். தூக்கம் கெட்ட கண்களோடு எப்போதும் ஒரு ரொட்டித் துண்டை மென்றுகொண்டிருப்பவர். இடுப்பின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கணவர் பின்னாலேயே வந்து சேர்ந்த டேப் அக்காவிடம் சொன்னார்: "எலும்பு இன்னும் உடையலம்மா. உடையலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தா முடிவு பண்ணியிருக்கும்." பிறகு அரைப்படி பக்கம் திரும்பி, "குட்டையான பசங்களுக்குத்தான் இது அதிகம் வருது. நானும் மேலே எழுதிப் போட்டுட்டுதான் இருக்கேன். யார் படிக்கறா" என்றார். ஊன்றுகோல் ஒன்று கொடுத்து அனுப்பினார்.

ஓய்வெடுப்பதில் அரைப்படி படுமோசம். உட்காரச் சொன்னால் அலமாரியை ஒழிப்பார். படுக்கச் சொன்னால் ஊன்றுகோலோடு போய்த் தண்ணீர்த் தொட்டியைத் தேய்ப்பார். படையில் சும்மா இருப்பவன் கண்ணில் பட்டால் அவனுக்கு உடனே ஒரு வேலை கிடைக்கும். அதற்குப் பயந்து பயந்து, சும்மா இருப்பதையே அவர் உடம்பு மறந்துவிட்டது. டேப் அக்கா கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். கடைசியில் ஒட்டகத்திடம் சொன்னாள். அவர் சீருடையோடு வந்து வாசலில் நின்றார்.

"அரைப்படி."

"என்னடா?"

"சார்ஜென்ட்டா வந்திருக்கேன். டா போடாதே. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சாயங்கால மணி அடிக்கிற வரைக்கும் படுக்கை. இது உத்தரவு."

அதற்குப் பிறகு அவர் படுத்தார். கைகளை உடம்போடு ஒட்டி, விறைப்பாக, அணிவகுப்பில் நிற்பதைப்போலப் படுத்தார். மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, அப்பா படுத்துட்டே சல்யூட் அடிக்கப் போறார்" என்றாள். சில நாட்களில் கை தளர்ந்தது. பிறகு வாய் திறந்தது. பிறகு குறட்டையும் வந்தது.

எலும்பு ஆறி, மேஜரம்மா தலையாட்டிய பிறகு டேப் அக்கா அவரை மெதுவாக ஓடவிட்டாள். தனியாக ஓடும்போது பழுதில்லை. குறுகிய, வேகமான அடி. பாதம் உடம்புக்கு நேர் கீழே இறங்கியது. ஆனால் யாராவது முன்னால் போய்விட்டால் போதும், அவர் கால் தானாக நீண்டுவிடும். தான் அடியை மாற்றுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. காது கேட்கிறது, கால் கீழ்ப்படிகிறது, நடுவில் அவரை யாரும் கேட்பதில்லை.

ஒரு சாயங்காலம் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்து, அவள் ஓடுபாதையின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையில் ஒரு வகுப்பு, மதியம் ஒரு வகுப்பு, இப்போது இது. நாக்கு வறண்டிருந்தது. யோசித்துச் சொல்லவில்லை, சலிப்பில்தான் வந்தது: "அண்ணே, நீங்க பின்னாடி ஓடுங்களேன். அவர் முன்னாடி போகட்டும்."

"நானா? பின்னாடியா?" என்றார் ஒட்டகம், செருப்பைத் தலையில் வைக்கச் சொன்னதைப்போல.

"முன்னாடி போறவர் அடியைப் பிடிக்கிற பழக்கம்தானே. இப்ப அது உங்களைப் பிடிக்கட்டும்."

ஓடினார்கள். அரைப்படி முன்னால் குறுகுறுவென்று போனார். பின்னால் ஒட்டகத்தின் நீண்ட கால்கள் அந்தச் சின்ன அடிக்குள் மடங்கி மடங்கி விழுந்தன. சந்துக்குள் மாட்டிக்கொண்ட ஏணி மாதிரி இருந்தது. பாதிச் சுற்றிலேயே ஒட்டகம் நின்று, குனிந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா இது, காலெல்லாம் பிடிச்சு இழுக்குது. மனுஷன் இப்படி ஓடுவானா?"

அரைப்படி திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். "அப்படித்தான் இருக்கும்" என்றார்.

ஒட்டகம் குனிந்தபடியே இருந்தார். "இத்தனை வருஷமா?"

"எனக்கே தெரியாதே. ஓடினா இப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன்."

மறுநாளும் ஒட்டகம் பின்னால்தான் ஓடினார்.

மறுதேர்வு அன்று ஒட்டகம் ஓட முடியாது. அவர்தான் கடிகாரமும் விசிலுமாகக் கோட்டில் நிற்பவர். மறுவாய்ப்புக்காரர்கள் எல்லோரும் ஒரே கூட்டமாக ஓடவேண்டும். வெளியிலிருந்து யாரும் குரல் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் ஓடுகிறவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். டேப் அக்கா வேலிக்கு வெளியே, தன் காலை வகுப்புப் பெண்களோடு நின்றாள். முந்தின இரவு அவளுக்குத் தூக்கமே வரவில்லை. தன் வகுப்பில் சொல்லித்தரும் மூச்சை எண்ணிப் பார்த்தாள். எண் எங்கெங்கோ போயிற்று.

"அக்கா, அண்ணன் ஜெயிச்சிருவாரு, பாருங்க" என்றாள் ஒரு சமையல்காரரின் மனைவி.

"ஜெயிக்க வேணாம்மா. கோட்டைத் தாண்டினா போதும்."

விசில். முதல் சுற்று முழுக்க அரைப்படி முன்னால் இருந்தார். பிறகு இளைஞர்கள் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். இரண்டாம் சுற்றில் நெட்டையான ஓர் ஓட்டுநர் அவருக்கு நேர் முன்னால் வந்து சேர்ந்தான். டேப் அக்கா கணவரின் காலைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தாள். குறுகிய அடியில் தலை சமமாகப் போகும். அடி நீண்டால் மேலேறிக் கீழிறங்கும். இப்போது ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டது. கூட்டம் முழுக்க அந்த ஓட்டுநரின் அடிக்கு வந்துவிட்டது. எல்லாக் காலணியும் ஒன்றாக விழும் அந்தப் பழைய சத்தம் மைதானத்தில் எழும்பியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவள் வேலிக் கம்பியை இறுகப் பிடித்து, வாயை மூடிக்கொண்டாள்.

வளைவில் அரைப்படியின் கை வலது இடுப்புக்குப் போனது. ஒரு நிமிடம் அப்படியே ஓடினார். பிறகு வரிசையிலிருந்து விலகினார். நின்றுவிடப் போகிறார் என்று பெண்களில் ஒருத்தி முனகினாள். அவர் நிற்கவில்லை. பாதையின் வெளியோரத்துக்கு, யாரும் ஓடாத கரடான பக்கத்துக்குப் போய்விட்டார். வெளியோரம் என்றால் ஒவ்வொரு வளைவிலும் கூடுதல் தூரம். மறுவாய்ப்பில் ஓடுகிறவன் எவனும் செய்யாத காரியம். ஆனால் அங்கே அவருக்கு முன்னால் யாரும் இல்லை.

தலை சமமானது. கூட்டத்தின் பெரிய அடிகளுக்கு நடுவே, அவற்றோடு ஒட்டாமல், ஒரு சின்ன டக் டக் தனியாகக் கேட்டது. தையல் இயந்திரம் போல.

"அண்ணன் ஏன் அக்கா சுத்திப் போறாரு?"

"அது அவர் வழி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள டேப்பின் நுனிதான் கிடைத்தது.

கடைசிச் சுற்றில் ஓட்டுநரும் இன்னும் சிலரும் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். சிலர் பின்தங்கினார்கள். ஒட்டகம் கோட்டில் நின்றார், ஒரு கண் கடிகாரத்தில், விசில் வாயில். அரைப்படி வெளியோரத்திலிருந்து கோட்டை நோக்கித் திரும்பியபோது ஒட்டகத்தின் கன்னம் உப்பியது. காற்றை உள்ளே பிடித்து வைத்திருக்கிறார் என்று இங்கிருந்தே தெரிந்தது. நண்பனுக்காக அவர் ஒரு நொடி தாமதிக்க மாட்டார். நேரம் வந்தால் ஊதிவிடுவார். அது டேப் அக்காவுக்குத் தெரியும், ஓடி வருகிறவருக்கும் தெரியும்.

அரைப்படியின் கால் கோட்டைத் தாண்டியது. இரண்டு சின்ன அடி போனது. அதற்குப் பிறகுதான் விசில்.

ஒட்டகம் விசிலை வாயிலிருந்து எடுத்தார். நண்பனிடம் போகவில்லை, பின்னால் வந்து நின்றுபோனவர்களின் எண்களைக் குறித்துக்கொள்ளப் போனார். போகிற வழியில் அரைப்படியின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

மேஜரம்மா அங்கேயே அவர் இடுப்பை அமுக்கிப் பார்த்து, "தசைதான், எலும்பு இல்லை. போய்ப் படுங்க" என்றார்.

வீடு திரும்பியபோது சாயங்காலம் ஆகிவிட்டது, யாருக்கும் பேசத் தெம்பில்லை. மகள் அப்பாவை ஒருமுறை கட்டிப்பிடித்துவிட்டு, வியர்வை நாற்றம் என்று மூக்கைச் சுளித்து, படிக்கப் போய்விட்டாள். டேப் அக்கா கட்டிலின் ஓரத்தில் படுத்தாள். கொஞ்சம் கண்ணை மூடிவிட்டு எழுந்து வகுப்புக்குப் போகலாம் என்று நினைத்தாள். பாதி மூடிய கண்ணில் அவர் கதவருகே நிற்பது தெரிந்தது. கட்டிலைத் தேடவில்லை. சுவரைப் பிடிக்கவில்லை. வலது காலில் நின்றபடி இடது காலைத் தூக்கி, புழுதி படிந்த சாக்ஸை மெதுவாக உருவினார்.

"அம்மா" என்று உள்ளிருந்து மகள் குரல் கொடுத்தாள். "தூங்காதவங்க வகுப்புக்கு நேரமாச்சு."

"பாயை விரிச்சு அவங்களையே படுத்துக்கச் சொல்லும்மா" என்றாள் டேப் அக்கா. "அவங்களுக்கு இப்ப தெரியும்."

கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி வைக்கவேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் தூங்கிவிட்டாள்.